வில் பிடித்த கை நடுங்கியது... பேனா நிற்கவில்லை! யார் இந்த யூஜீன் இஸாயி?

வயலின் படிக்கும் நண்பர்கள் யாராவது இருக்காங்களா? இஸாயி என்ற பெயரைச் சொல்லிப் பாருங்க. மரியாதையும் கொஞ்சம் பயமும் சேர்ந்தே வரும்!

யார் இவர்?

பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் 1858ஆம் ஆண்டு பிறந்தவர். அப்பா வயலின் கலைஞர். முதல் குருவும் அவரே. பின்னர் வியேன்யாவ்ஸ்கி, வியூதான் ஆகிய பெரும் கலைஞர்களிடம் பயின்றார்.

திருமணப் பரிசாக ஓர் இசைப் படைப்பு

1886இல் இஸாயிக்குத் திருமணம். இசையமைப்பாளர் செசார் ஃபிராங்க் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? ஒரு வயலின் சொனாட்டா!

அதே ஆண்டு டிசம்பரில் பிரசல்ஸில் உள்ள ஓவியக் காட்சியகத்தில் அது அரங்கேறியது. அங்கே விளக்கேற்ற அனுமதி இல்லை. பொழுது சாய்ந்து அரங்கம் இருட்டிவிட்டது. இஸாயியும் பியானோ கலைஞரும் நினைவிலிருந்தே வாசித்து முடித்தார்கள்.

புகழுக்கு நடுவே சோதனை

நீரிழிவு நோய் வாட்டியது. வில் பிடிக்கும் கை நடுங்கத் தொடங்கியது. வயலின் கலைஞருக்கு இதைவிடப் பெரிய இடி வேண்டுமா?

அவர் முடங்கவில்லை. 1918 முதல் 1922 வரை அமெரிக்காவின் சின்சினாட்டி இசைக்குழுவை வழிநடத்தினார்.

1923இல், ஜோசப் சிகெட்டி என்ற இளம் கலைஞர் பாக் இசையை வாசித்ததைக் கேட்ட உந்துதலில், 6 சொனாட்டாக்களை எழுதினார். பியானோ துணை கிடையாது; தனி வயலின் மட்டும்தான். ஆறையும் 6 கலைஞர்களுக்குக் காணிக்கையாக்கினார். ஒவ்வொன்றும் அவரவர் பாணியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தன் கைக்கு எட்டாமல் போனதை அடுத்த தலைமுறையின் கைகளில் ஒப்படைத்தார் என்றே சொல்லலாம்.

கடைசியில் தாய்மண்ணின் மொழி

1929இல் அவருடைய பாதம் ஒன்றை வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகும் வேலை நிற்கவில்லை. சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தைப் பற்றி ஓர் இசை நாடகம் எழுதினார்.

எந்த மொழியில்? உலகம் அறிந்த பிரெஞ்சில் அல்ல, லியேஜ் மக்கள் வீட்டிலும் தெருவிலும் பேசிய வாலூனில்! வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்று வளர்ந்தவர்களுக்கு அந்த முடிவு எளிதில் புரியும்.

1931 மார்ச் 4ஆம் தேதி லியேஜில் நாடகம் அரங்கேறியது. நோயுற்றிருந்த இஸாயியால் போக முடியவில்லை. வானொலி வழியாகக் கேட்டார். மே 12ஆம் தேதி காலமானார். வயது 72.

இன்றும் ஒலிக்கும் பெயர்

அவரிடம் வயலின் கற்ற பெல்ஜிய அரசி எலிசபெத்தின் ஆதரவில், 1937இல் இஸாயி பெயரில் போட்டி நடந்தது. வென்றவர் டேவிட் ஓய்ஸ்ட்ராக். இன்று அது அரசி எலிசபெத் இசைப் போட்டியாக உலகப் புகழ் பெற்றிருக்கிறது.

எங்கே தொடங்கலாம்? மூன்றாம் சொனாட்டாவைக் கேளுங்க. ஏழு நிமிடம் போதும். ஒரே ஒரு வயலின்தானா என்று சந்தேகம் வரும்!