துறைமுகத்துக் கணக்கர்

சென்னையின் வடபால் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்னும் ஊர்கள் கடலைத் தழுவிக் கிடக்கின்றன. இக்கரையிலிருந்து ஓடம் செலுத்துவோன் ஒருவன் நேர் கிழக்கே மிதக்கும் ஒரு மிதவையை அடைய விரும்புகின்றான் எனக் கொள்வோம். நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகின்றது. தேர்ந்த ஓடக்காரன் ஓடத்தின் முகத்தை நேர் கிழக்கே நிறுத்தமாட்டான். சற்றே தெற்கு நோக்கிச் சாய்ப்பான். அறியாதார் கண்ணுக்கு அவன் வழி விலகிச் செல்வதுபோல் தோன்றும். உண்மையில் அதுவே அவனுக்கு நேர்வழியாகும்.

மாணவர்களே! இதனைப் படம் வரைந்தே தெளியலாம். மிதவை கரைக்கு 2 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நீரைச் சார்ந்து ஓடத்தின் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். நீரோட்டத்தின் வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர். ஓடத்தை நேர் கிழக்கே செலுத்தினால் 24 நிமிடத்தில் 2 கிலோமீட்டர் கிழக்கே செல்லலாம். ஆனால் அதற்குள் நீரோட்டம் ஓடத்தை 1.2 கிலோமீட்டர் வடக்கே இழுத்துச் சென்றுவிடும். மிதவை எங்கோ நின்றுவிடும்.

இனி, அ என்னும் புள்ளியிலிருந்து வடக்கே 3 அலகு நீளத்தில் அஆ என்னும் கோட்டினை வரைக. இது நீரோட்டத்தைக் குறிக்கும். அ என்னும் புள்ளியிலிருந்து கிழக்கு நோக்கி மற்றொரு கோடு வரைக. ஆ என்னும் புள்ளியிலிருந்து 5 அலகு நீளமுள்ள கோடு ஒன்று அக்கிழக்குக் கோட்டினை இ என்னும் இடத்தில் தொடுமாறு செய்க. ஆஇ என்பதே ஓடத்தின் முகம் நிற்க வேண்டிய திசை. அஇ என்பது ஓடம் உண்மையாகச் செல்லும் திசைவேகம். அதன் அளவு 4 அலகு. ஆகவே ஓடம் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நேர் கிழக்கே சென்று, அரைமணி நேரத்தில் மிதவையை அடையும். ஓடத்தின் ஆற்றல் ஐந்தாயினும் முன்செலவுக்குக் கிடைத்தது நான்கே. எஞ்சியது நீரோட்டத்தை எதிர்ப்பதில் செலவாயிற்று.

இராயபுரத்திற்கு அணித்தேயுள்ள சென்னைத் துறைமுகத்தில் கணக்கராய் அமர்ந்திருந்த ஒருவரின் வரலாறு, இவ்வோடத்தின் செலவையே நமக்கு நினைவூட்டுகின்றது. அவரே கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் 1887 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22 ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். தந்தையார் கும்பகோணத்தில் துணிக்கடைக் கணக்கர். வறுமை அக்குடும்பத்தின் வாயிலில் எந்நாளும் நின்றது. பதினாறாம் வயதில் கார் என்பவர் தொகுத்த கணிதநூல் ஒன்று இராமானுஜன் கைக்குக் கிட்டிற்று. ஆயிரக்கணக்கான முடிபுகள் அதிற் செறிந்திருந்தன. அவற்றைத் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கியவர், பின்னர்த் தாமே புதிய முடிபுகளைக் காணலானார்.

அந்நாள் முதல் அவர் நெஞ்சம் கணிதம் ஒன்றையே நோக்கி நின்றது. ஏனைய பாடங்களை அவர் பொருட்படுத்தவில்லை. அதனால் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பெற்ற உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் தேர்வில் தவறினார். பட்டமுமில்லை; பணியுமில்லை. நேர் கிழக்கே முகம் வைத்த ஓடத்தை வறுமையென்னும் நீரோட்டம் அடித்துச் சென்றது.

நெல்லூர் மாவட்ட ஆட்சித்தலைவராயிருந்த இராமச்சந்திர ராவ் அவருக்குத் திங்கள்தோறும் பொருளுதவி செய்தார். ஆயினும் பிறர் பொருளில் நெடுங்காலம் வாழ இராமானுஜன் உடன்படவில்லை. பணி தேடினார். 1912 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்திற் கணக்கரானார்.

எண்களின் ஆழத்தை அளக்க வல்லவர் வரவு செலவுக் கணக்கு எழுதுவதா எனச் சிலர் இரங்கக்கூடும். ஆனால் ஓடத்தின் முகம் சாய்ந்தது அங்கேதான். குடும்பத்திற்கு ஊதியம் கிடைத்தது. கணிதத்திற்கு மாலைப்பொழுது கிடைத்தது. அலுவலகத்தின் மேலாளர் நாராயண ஐயர் தாமும் கணிதம் வல்லவர். அவர் இராமானுஜனுடன் அமர்ந்து கற்பலகையிற் கணக்கிட்டு மகிழ்ந்தார். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியியலறிஞர். கடலோட்டமும் மணலும் துறைமுகத்திற்கு விளைத்த இடர்களை அறிந்து, கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் புதுவாயில் அமைத்தவர் அவர். அலைகளின் போக்கை அறிந்த அப்பெரியார், தம் கணக்கரின் அருமையையும் அறிந்துகொண்டார்.

1913 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இராமானுஜன் தம் முடிபுகள் பலவற்றைக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதி விடுத்தார். ஹார்டி வியந்து மறுமொழி எழுதினார். அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் திங்கள் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கிற்று. கடல் கடத்தல் ஆகாது என்னும் குல வழக்கம் பயணத்திற்குத் தடையாய் நின்றது. அன்னையாரும் பின்னர் இசைந்தார். 1914 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17 ஆம் நாள், தாம் பணிபுரிந்த அதே துறைமுகத்திலிருந்து ‘நெவாசா’ என்னும் கப்பலில் இராமானுஜன் புறப்பட்டார்.

கேம்பிரிட்ஜில் ஹார்டியுடன் கூடி, ஓர் எண்ணை எத்தனை வகையாகப் பகுத்துக் கூட்டலாம் என்பதை அளக்கும் அரிய வாய்பாட்டினைக் கண்டார். 1918 ஆம் ஆண்டில் அரச கழகத்தின் உறுப்பினராகவும், திரினிட்டிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப் பெற்றார். ஆனால் நோய் அவரைப் பற்றிற்று. 1919 இல் தாயகம் திரும்பினார். நோயிற் கிடந்தும் ஆராய்ச்சியைக் கைவிடாது, 1920 ஆம் ஆண்டு ஏப்பிரல் 26 ஆம் நாள், 32 ஆம் வயதிற் சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார்.

பதினெட்டு முதல் இருபத்தைந்து வரையிலான ஆண்டுகள் தக்க துணையின்றிக் கழிந்ததே இராமானுஜன் வாழ்வின் பெருந்துயரம் என ஹார்டி பின்னாளில் வருந்தினார். ஐந்து அலகு ஆற்றலில் ஓரலகை வறுமையோட்டம் கவர்ந்துகொண்டது. அவ்விழப்பு அவருக்கு மட்டுமன்று, உலகிற்கே இழப்பாகும்.

1993 ஆம் ஆண்டில் கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன் அவர்கள் முயற்சியால் இராயபுரத்தில் இராமானுஜன் நினைவாக ஒரு காட்சியகம் அமைந்தது. துறைமுகத்தை அடுத்த தெருக்களில் வளரும் சிறார்க்கு அஃது ஏற்றதொரு நினைவுச்சின்னமாகும்.

மாணவர்களே! சேரவேண்டிய இடத்தை மறவாதீர். ஆனால் நீரோட்டத்தையும் அளந்தறிமின். பிழைப்பிற்காக ஒரு பணியை மேற்கொள்வது குறிக்கோளைத் துறப்பதாகாது. முகத்தைச் சற்றே சாய்த்து நேர்வழி செல்வதாகும். நாளை நீவிர் உயர்ந்த இருக்கையில் அமருங்காலத்து, கீழே கணக்கெழுதும் ஒருவரின் அருமையை ஸ்பிரிங்கும் நாராயண ஐயரும் போல் அறிந்து போற்றுவீராக. எதிரோட்டத்தை அவ்வளவேனும் குறைத்தல் நம் அனைவர்க்கும் உரிய கடமையன்றோ!