குழாயில் வந்த தாமிரபரணி

தூத்துக்குடி என்றதும் நமக்கெல்லாம் கப்பலோட்டிய வ.உ.சி. ஞாபகம்தான் வரும். வரணும்தான். ஆனா அதே ஊரில் குழாய் ஓட்டிய ஒருத்தரும் இருந்தார். ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. தூத்துக்குடிக்காரங்களுக்கு அவர் மக்களின் தந்தை. மற்ற ஊர் நண்பர்களுக்காக இந்தக் கட்டுரை.

1869 நவம்பர் 15ல் தூத்துக்குடியில் பிறந்தவர். கடலை நம்பிப் பிழைத்த பரதவர் சமூகம். 1866லேயே நகராட்சியாகிவிட்ட அந்த ஊருக்கு 1909ல் அவர் சேர்மன் ஆனார். மொத்தம் ஐந்து முறை அந்த நாற்காலியில் இருந்தார்.

துறைமுகம் உண்டு, ரயில் உண்டு, 1888 முதல் பஞ்சாலை உண்டு, உப்பளம் உண்டு. குடிக்கத் தண்ணீர் மட்டும் கிடையாது! கடலோர மண்ணில் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீர் மேல் மெல்லிசாத்தான் மிதக்கும். கிணற்றில் கொஞ்சம் கூடுதலா இறைத்தாப் போதும், கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். ஆழமாத் தோண்டுகிறவனுக்கு உப்புதான் கிடைக்கும். தட்டுப்பாடு முற்றிய காலத்தில் ரயிலில் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்துப் பார்த்தார். ஒரு ஊருக்கு அது எத்தனை நாள் காணும்?

தாமிரபரணியை வல்லநாட்டில் பிடித்து 25 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் கொண்டுவருவதுதான் வழி என்று முடிவானது. சிவில் பிரிவு நண்பர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சர்வே கேம்ப்பில் அரை கிலோமீட்டர் லெவல் எடுக்கவே நாம படுகிற பாடு தெரியும். அத்தனை தூரமும் லெவல் பார்க்கணும், குழாய் உரசலில் போகிற அழுத்தத்தைக் கணக்குப் போடணும். கணக்கை இன்ஜினீயர் போட்டுடுவார். பணத்துக்கு எங்கே போவது? ஒரு நகராட்சியின் கஜானா தாங்கிற வேலையா அது? சேர்மன் விடவில்லை. ஒருவழியா 1927ல் வல்லநாட்டுத் தண்ணீர் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. முதல்முதலா அவர் சேர்மன் ஆகி 18 வருஷம் கழிச்சு! எனக்கு இப்போ வயசே அவ்வளவுதான்.

தண்ணீர்தானே, இதில் என்ன பெரிய சாதனை என்று சிலருக்குத் தோணலாம். எங்க வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். எங்கம்மா மூணாம் வகுப்போடு நின்றதற்குக் காரணம் பரீட்சையில்லை, குடம். காலையில் தண்ணீருக்குப் போனால் பள்ளிக்கூடத்து மணி அடித்த பிறகுதான் திரும்ப முடியும். ஒரு தெருக்குழாய் வந்தால் எத்தனை பெண்பிள்ளைகளுக்கு காலை நேரம் மிச்சமாகும் என்று எந்த நகராட்சிக் கணக்கிலும் எழுதமாட்டாங்க.

குழாயில் தண்ணீர் வந்த மூன்றாவது வருஷம், 1930 ஜனவரி 8ல் அவர் காலமானார்.

ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது. 2023ல் மணிமண்டபமும் திறந்தாச்சு. அதே வருஷம் டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி கரை புரண்டது. தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர், வீட்டில் குடிக்க ஒரு சொம்பு இல்லை. அந்த நாட்களில் தூத்துக்குடியில் மறுபடி குடத்தோடு பெண்கள் லாரிக்குக் காத்து நின்றாங்க. அப்புறம் குழாயெல்லாம் சரி பண்ணி விட்டாங்க. இன்றைக்கும் தூத்துக்குடி மாநகராட்சிக்குத் தண்ணீர் வருவது அதே வல்லநாட்டுப் பக்கமிருந்துதான்.