சௌந்தரம் அம்மையார் காட்டிய அளவுகோல்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில், சின்னாளப்பட்டிக்கு அருகே, சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது காந்திகிராமம். அதை நிறுவிய டாக்டர் டி. எஸ். சௌந்தரம் அம்மையார் காலஞ்சென்றது 1984-ஆம் ஆண்டில். அவருடைய சரித்திரத்தை இன்று நாம் எடுத்துரைப்பது புகழ்மாலை சூட்டுவதற்காக அன்று.

1904-இல் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் புதல்வியாகப் பிறந்த அவருக்குப் பாலியத்திலேயே விவாகம் நடந்தது. வைத்தியரான கணவர் பிளேக் நோய்க்கு இரையானார். இளம் விதவையை வீட்டு மூலையில் இருத்துவதே தருமம் எனக் கருதிய காலம் அது. அவரோ டில்லி சென்று பயின்று, 1936-இல் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர் ஜி. ராமச்சந்திரனை மணக்க விரும்பியபோது வீட்டார் இசையவில்லை. காந்தியடிகள் விதித்த ஓராண்டுப் பிரிவுக்குப் பின்னும் இருவர் உறுதியும் தளராமையால், 1940-இல் விவாகம் நிறைவேறியது.

1947-இல் காந்திகிராமம் தோன்றிற்று. சிறு மருந்தகமாகத் தொடங்கிய பணி கஸ்தூரிபா ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இல்லங்கள் எழுந்தன; கிராமப் பெண்கள் சேவிகைகளாகப் பயிற்சி பெற்றனர். 1952-லும் 1957-லும் சட்டசபைக்கும், 1962-இல் திண்டுக்கல்லிலிருந்து லோக்சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பெற்று, மத்திய சர்க்காரில் கல்வி உபமந்திரியாகவும் அம்மையார் விளங்கினார்.

இச்சரித்திரம் புகட்டும் பாடம் ஒன்றுண்டு. துன்புற்ற பெண்ணுக்கு அனுதாபம் மட்டும் போதாது. தங்க இடம், பிழைக்கத் தொழில், தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஆகிய மூன்றும் வேண்டும்.

இன்று வீட்டுக் கொடுமைக்கு ஆளான பெண்களுக்காக ஏற்பாடுகள் பல உள. 1983 முதல் சமூக நல வாரியத்தின் உதவியுடன் குடும்ப ஆலோசனை மையங்கள் நடந்தன. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு அதிகாரிகளையும், கணவன் வீட்டில் வசிக்கும் உரிமையையும் தந்தது. 2015 முதல் ஒருங்கிணைந்த சேவை மையங்களும் வந்தன. எனினும், 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் நூற்றுக்குச் சுமார் 38 பேர் கணவன் கையால் வன்முறையை அனுபவித்தவர்கள்.

இவ்வேற்பாடுகள் பயன் தருகின்றனவா என்று எவ்வாறு அறிவது? வந்த மனுக்கள் இத்தனை, சமரசமானவை இத்தனை என்று கணக்கெழுதுவது எளிது. சமரசம் செய்து அனுப்பிய பெண் மூன்று மாதத்தில் மீண்டும் அடிபட்டால், அது எந்தப் பத்தியில் ஏறும்? குடும்பம் சிதறலாகாது என்போரின் கவலையை நாம் இகழவில்லை. ஆனால் அடிக்கு அஞ்சி ஒருத்தி அடங்கிக் கிடக்கும் வீட்டைக் குடும்பம் என்று கணக்கில் சேர்ப்பது நியாயமாகாது.

ஆறு மாதங் கழித்தும், ஓராண்டு கழித்தும் அப்பெண்ணைத் தனியே கண்டு கேட்க வேண்டும். அடி நின்றதா? கையில் சம்பாத்தியம் உண்டா? குழந்தைகள் பள்ளிக்குப் போகின்றனரா? சமரசத்திற்கு இசைந்தது அவள் மனமா, உறவினரின் நெருக்குதலா? இவற்றிற்குக் கிடைக்கும் விடைகளே உண்மையான மதிப்பீடு.

வேடசந்தூரிலும் நத்தத்திலும் நிலக்கோட்டையிலும் ஊர்ப் பஞ்சாயத்துகளில் அமரும் தொண்டர்களுக்கும் இது பொருந்தும். தீர்ப்புச் சொன்னதோடு தம் கடமை முடிந்ததென அவர்கள் எண்ணலாகாது. அவ்வீட்டுக் கதவை மறுமுறையும் தட்ட வேண்டும்.