முன்னது எல்லாம் காரணம் ஆகுமா?

மழை பொய்த்தால் ஒரு காரணம், விலைவாசி உயர்ந்தால் ஒரு காரணம், தேர்தலில் தோற்றால் ஒரு காரணம் என்று எதற்கும் உடனுக்குடன் காரணம் சொல்லப் பழகிவிட்டோம். ஒரு நிகழ்வைத் தொடர்ந்து மற்றொன்று நடந்துவிட்டால், முன்னதுதான் பின்னதற்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் முன்னோர் இந்த அவசரத்தை எள்ளியிருக்கிறார்கள். அந்தக் காக்கைக்கும் பனம்பழத்துக்கும் இடையே இருப்பதாக நாம் நம்பும் தொடர்பு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்த ஒருவரை இன்று நினைவுகூர்வது பொருத்தம் என்று கருதுகிறேன். அவர், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம்.

1711-ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் பிறந்த ஹியூம், இரண்டு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயின் அரவணைப்பில் வளர்ந்த மூன்று குழந்தைகளுள் அவர் இளையவர். குடும்பச் சொத்து மூத்த மகனுக்கே உரியது என்பது அந்நாளைய வழக்கம். எனவே, தமக்கென ஒரு தொழிலைத் தேடிக்கொள்ள வேண்டிய நிலை அவருக்கு இருந்தது. பத்துப் பன்னிரண்டு வயதிலேயே எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்டார். அவர் வழக்குரைஞராக வேண்டும் என்று குடும்பத்தினர் விரும்பினர். அவரோ சட்ட நூல்களை ஒதுக்கிவிட்டு, சிசரோவையும் வர்ஜிலையும் படித்துக்கொண்டிருந்தார்.

பதினெட்டு வயதில், ஓயாத படிப்பினால் உடலும் மனமும் சோர்ந்து, சில ஆண்டுகள் நோயுற்றார். மாற்றம் வேண்டி 1734-இல் பிரிஸ்டல் நகரில் ஒரு சர்க்கரை வணிகரிடம் வேலைக்குச் சேர்ந்தார். சில மாதங்களிலேயே அது தமக்குரிய வாழ்க்கை அன்று என்று உணர்ந்து பிரான்ஸுக்குப் புறப்பட்டுவிட்டார். அங்கே லா ஃபிளேஷ் என்னும் சிற்றூரில் சிக்கனமாக வாழ்ந்துகொண்டு, தமது முதல் நூலை எழுதினார். பகுத்தறிவின் வலிமையால் உலகையே அறிந்துவிடலாம் என்று நம்பிய தெகார்த் படித்த கல்லூரி அந்த ஊரில்தான் இருந்தது. அதே ஊரில் அமர்ந்து, பகுத்தறிவின் எல்லையை வரையறுக்கும் நூலை ஓர் இளைஞர் எழுதினார் என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி.

மனித இயல்பைப் பற்றிய அந்த நூலின் முதல் இரு பகுதிகள் 1739-இல் ஆசிரியர் பெயரின்றி லண்டனில் வெளிவந்தன. அப்போது ஹியூமுக்கு வயது 27. நூல் போதிய கவனம் பெறவில்லை. ஆனால், அதில் அவர் எழுப்பிய கேள்வி இன்றுவரை ஓயவில்லை.

கேள்வி எளிமையானதுதான். பில்லியர்ட் மேசையில் ஒரு பந்து உருண்டு வந்து மற்றொன்றின் மீது மோதுகிறது. இரண்டாவது பந்து நகர்கிறது. நாம் காண்பவை எவை? இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று முந்தியது, மற்றொன்று பிந்தியது. இப்படியே பலமுறை நடந்திருக்கிறது. இவற்றுக்கு மேல், முதல் பந்து இரண்டாவதை நகர்த்தியே தீரும் என்ற கட்டாயம் ஒன்று இருக்கிறதே, அதை எவர் கண்டார்? உப்பை முதன்முதலாகப் பார்ப்பவர், அதை எவ்வளவு உற்று நோக்கினாலும், நீரில் இட்டால் கரையும் என்று பார்வையால் மட்டும் அறிந்துவிட முடியாது. பலமுறை கரையக் கண்ட பிறகு, அடுத்த முறையும் கரையும் என்று மனம் எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பைத்தான் பொருள்களுக்கு இடையே உள்ள கட்டாயம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம் என்றார் ஹியூம்.

நேற்று வரை நடந்தது நாளையும் நடக்கும் என்பதற்கு என்ன சான்று என்று அவர் மேலும் கேட்டார். இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது என்று விடை சொன்னால், எதை நிறுவ வேண்டுமோ அதையே சான்றாகக் காட்டுகிறோம். ஆகவே, காரண காரிய அறிவுக்கு அடித்தளம் தருக்கம் அன்று, பழக்கம் என்பது அவர் கண்ட முடிவு.

இந்த முடிவுக்கு அவர் விலை கொடுக்க நேர்ந்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டபோது, சமய குருமார்கள் எதிர்த்தனர். காரணம் என்பதையே மறுப்பவர், உலகுக்கு மூலகாரணமான இறைவனையும் மறுப்பவர் ஆவார் என்பது அவர்கள் சுமத்திய குற்றச்சாட்டுகளுள் ஒன்று. காரணமின்றி எதுவும் நிகழும் என்று தாம் சொல்லவில்லை என்றும், காரணத்தை நாம் அறியும் வழி எது என்பதையே ஆராய்ந்ததாகவும் அவர் விளக்கம் அளித்தார். பயனில்லை; 1745-இல் பதவி வேறொருவருக்குச் சென்றது. பின்னர் கிளாஸ்கோவிலும் அதுவே நிகழ்ந்தது. உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் இன்று பாடமாக இருக்கும் ஹியூம், கடைசிவரை எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்ததில்லை.

1752-இல் எடின்பரோ வழக்குரைஞர் கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். அந்த நூலகத்தின் துணையுடன் இங்கிலாந்தின் வரலாற்றை எழுதத் தொடங்கினார். தத்துவம் தராத புகழையும் செல்வத்தையும் வரலாறு அவருக்குத் தந்தது. 1763-இல் பிரிட்டிஷ் தூதருடன் பாரிஸ் சென்றபோது, அந்நகரத்து அறிவுலகம் அவரைக் கொண்டாடியது.

அங்கிருந்து திரும்பும்போது, அடக்குமுறைக்கு ஆளாகி அலைந்துகொண்டிருந்த ரூசோவை 1766-இல் தம்முடன் இங்கிலாந்துக்கு அழைத்து வந்தார். அரசரிடமிருந்து அவருக்கு ஓய்வூதியம் பெற்றுத்தரவும் முயன்றார். அந்த நேரத்தில், ரூசோவை எள்ளி நகையாடும் கடிதம் ஒன்று லண்டன் பத்திரிகையில் வெளியானது. எழுதியவர் ஹோரஸ் வால்போல். ஆனால், ரூசோ ஹியூமை ஐயுற்றார். ஒரு பார்வை, ஒரு மௌனம், பயணத்தின்போது தூக்கத்தில் முணுமுணுத்ததாகக் கேட்ட ஒரு சொல் என்று தொடர்பற்ற பலவற்றைக் கோத்து, தம்மை இழிவுபடுத்த ஹியூம் சதி செய்கிறார் என்று நீண்ட கடிதம் எழுதினார். தற்செயல்களைக் காரணச் சங்கிலியாகக் கோக்கும் மனத்தின் இயல்பை ஆராய்ந்தவர், அந்த இயல்புக்கே இலக்கானார். அவரும் நிதானம் இழந்து, அந்தச் சச்சரவின் கடிதங்களை அச்சில் வெளியிட்டார்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று ஹியூமிடம் உண்டு. அதைச் சொல்லாமல் அவரைப் போற்றுவது நேர்மையாகாது. தேசங்களின் குணநலன்கள் குறித்த கட்டுரையில், மக்களின் இயல்புக்குத் தட்பவெப்பம் காரணம் அன்று. ஆட்சிமுறையும் பழக்கவழக்கங்களும் வறுமையும்தான் காரணம் என்று அவர் வாதிட்டார். அதே கட்டுரையில் 1753-இல் சேர்த்த ஓர் அடிக்குறிப்பில், கறுப்பின மக்கள் இயற்கையிலேயே தாழ்ந்தவர்கள் என்று தாம் கருதுவதாக எழுதினார். அடிமைத்தனம் என்னும் கொடுங்காரணம் கண்ணெதிரே இருந்தது. கரீபியத் தோட்டங்களில் அடிமைகள் உழைத்து விளைந்த சர்க்கரையை விற்ற நகரில் அவர் வேலை செய்தவரும்கூட. ஜேம்ஸ் பீட்டி 1770-இல் இந்தக் கருத்தை வன்மையாக மறுத்தார். 2020-இல் எடின்பரோ பல்கலைக்கழகம் ஒரு கட்டடத்துக்குச் சூட்டியிருந்த ஹியூமின் பெயரை நீக்கியதற்கு இந்த அடிக்குறிப்பே காரணமானது.

காரணங்களைக் கண்டறிய எட்டு விதிகளை ஹியூம் தமது முதல் நூலிலேயே வகுத்திருந்தார். ஒரே காரணம் எப்போதும் ஒரே விளைவைத் தரவேண்டும். விளைவில் வேறுபாடு தெரிந்தால், காரணத்திலும் வேறுபாடு இருக்க வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். அந்த அடிக்குறிப்பை எழுதும்போது தம்முடைய விதிகளையே அவர் பயன்படுத்தவில்லை. தாம் விவரித்த பழக்கத்துக்குத் தாமே ஆட்பட்டார் என்றே நான் புரிந்துகொள்கிறேன். நம்மைச் சூழ்ந்தோர் எல்லாரும் நம்பும் ஒன்றை ஐயுறுவது, பில்லியர்ட் பந்துகளை ஐயுறுவதைவிடக் கடினம்.

1776-இல் வயிற்று நோய் முற்றியபோது, தம் முடிவை அவர் அமைதியாக எதிர்கொண்டார். மரணத்தின் விளிம்பிலாவது அவருடைய உறுதி தளரும் என்று எதிர்பார்த்துச் சென்ற ஜேம்ஸ் பாஸ்வெல், மலர்ந்த முகத்துடன் உரையாடிய மனிதரையே கண்டார். அவ்வாண்டு ஆகஸ்ட் 25-இல் ஹியூம் மறைந்தார். நண்பரின் நற்குணத்தைப் போற்றி எழுதியதற்காக ஆடம் ஸ்மித் கடும் வசைகளுக்கு ஆளானார். பின்னாளில் ஜெர்மானிய அறிஞர் இம்மானுவல் கான்ட், தம்மை உறக்கத்திலிருந்து எழுப்பியவர் ஹியூமே என்று ஒப்புக்கொண்டார்.

இன்று ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் காய்ச்சல் வந்தால் ஊசியைப் பழிக்கிறோம். ஒருவர் ஆட்சிக்கு வந்த ஆண்டில் அணை நிரம்பினால் அவரைப் புகழ்கிறோம். ஓர் ஊரில் குற்றம் நடந்தால் அங்கு புதிதாகக் குடியேறியவர்களைச் சந்தேகிக்கிறோம். முதல் இரண்டும் உண்மையா என்று கணக்கெடுத்துப் பார்த்துவிடலாம். மூன்றாவதில், கணக்கெடுப்பதற்கு முன்பே ஒருவர் தண்டனை அனுபவித்துவிடக்கூடும்.

ஊசி போட்டுக்கொள்ளாதவர்களுக்கும் அதே நாள்களில் காய்ச்சல் வந்ததா? மழை பெய்த எல்லா ஆண்டுகளிலும் அதே ஆட்சி இருந்ததா? குடியேறியவர்கள் வருவதற்கு முன்பு அந்த ஊரில் குற்றமே நிகழவில்லையா? இந்தக் கேள்விகளைக் கேட்பதற்குத் தத்துவப் பயிற்சி தேவையில்லை, சற்றுப் பொறுமை போதும். நமக்குப் பிடித்தமான காரணங்களிடமும் இதே கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும். ஹியூம் தவறிய இடம் அதுதான்.