படம் முடிந்த பிறகு குரலை மாற்றிய காரைக்குடிக்காரர்: யார் இந்த ஏவி.மெய்யப்பன்?

புது கார் டெலிவரி எடுத்த கையோடு சிலர் நேராகப் போவது ஆடியோ கடைக்குத்தான். கம்பெனி கொடுத்த ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வேறு ஸ்பீக்கர், தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர், டிக்கியில் இடமிருந்தால் ஒரு சப்வூஃபர். இன்ஜின் அதேதான், சீட் அதேதான். ஆனா பாட்டு போட்டதும் வேற கார்ல உட்கார்ந்த மாதிரி இருக்கும். பல மாடல்களில் ஸ்பீக்கர் என்பது கம்பெனி செலவைக் குறைக்கிற இடம். லேசான காகிதக் கூம்பு, ஸ்டீரியோவுக்குள்ளேயே அடங்கிய சின்ன ஆம்ப். வால்யூமைக் கூட்டினால் பாட்டு பெரிதாகாது, கிழியும்.

சத்தம் என்பது தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய ஒரு பார்ட். இந்த விஷயத்தை 1940-களிலேயே சினிமாவில் செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. காரைக்குடியில் 1907 ஜூலை 28 அன்று பிறந்த ஏவி.மெய்யப்பன். வடபழனியில் சுற்றும் உலக உருண்டைக்குச் சொந்தக்காரர் என்றால் சட்டென்று புரியும். ஸ்டூடியோ முதலாளி, பல ஹீரோக்களை அறிமுகம் செய்தவர் என்றுதான் அவரைப் பற்றிப் பேசுவோம். ஆனால் அவர் தொடங்கியது படத்தில் இல்லை, சத்தத்தில்.

அப்பா ஆவிச்சி செட்டியார் காரைக்குடியில் ஏ.வி. அண்ட் சன்ஸ் என்று ஒரு கடை நடத்தினார். பலவகைப் பொருட்களோடு கிராமபோன் இசைத்தட்டும் அங்கே விற்பனைக்கு இருந்தது. சின்ன வயசிலேயே கடையில் உட்கார்ந்த மெய்யப்பனுக்கு, விற்பதை விட இசைத்தட்டை நாமே தயாரித்தால் என்ன என்று தோன்றியது. சென்னைக்கு வந்தார். நண்பர்களோடு சேர்ந்து சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். ஜெர்மன் கம்பெனியான ஓடியனின் இசைத்தட்டுகள் தென்னிந்தியாவுக்கு வந்தது இந்தக் கடை வழியாகத்தான். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கொஞ்சம் கூட. முகம் கிடையாது, நடிப்பு கிடையாது. குரல் நின்றால்தான் தட்டு விற்கும். காதை இதை விடக் கறாராகப் பழக்கும் வேலை வேறு இருக்குமா தெரியவில்லை.

பேசும் படம் வந்ததும் அவரும் குதித்தார். 1935-ல் கல்கத்தாவில் எடுத்த அல்லி அர்ஜுனா படுதோல்வி. அடுத்து ரத்னாவளி, அதுவும் தோல்வி. கை சுட்ட பிறகும் விடவில்லை. பிரகதி பிக்சர்ஸ் மூலம் 1938-ல் நந்தகுமார் வந்தது. டி.ஆர்.மகாலிங்கம் சிறுவனாக அறிமுகமான படம். இதில்தான் முதல் சோதனை: தேவகியாக நடித்தவருக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். நடிப்பவரே பாட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாக இருந்த காலம் அது.

அடுத்து இன்னும் பெரிய சோதனை. 1943-ல் கன்னடத்தில் எடுத்த ஹரிச்சந்திராவுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து 1944-ல் வெளியிட்டார். இந்தியாவின் முதல் டப்பிங் படம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். டப்பிங்கில் தலைவலி எங்கே என்றால் உதட்டில். ப, ம என்ற எழுத்துகளுக்கு உதடு மூடியாக வேண்டும். திரையில் மூடும் நேரத்தில் தமிழ் வசனத்திலும் அப்படி ஓர் எழுத்து வரவில்லை என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வள்ளியின் குரல் மாறியது எப்படி?

1945-ல் ஸ்ரீவள்ளி. மெய்யப்பனே இயக்கினார். முருகனாக டி.ஆர்.மகாலிங்கம், வள்ளியாக குமாரி ருக்மிணி. ருக்மிணி தன் பாட்டுகளைத் தானேதான் பாடியிருந்தார். படம் முடிந்தது. போட்டுப் பார்த்த மெய்யப்பனுக்கு ஒன்று உறுத்தியது. மகாலிங்கம் உச்சஸ்தாயியில் அசால்ட்டாக நிற்பவர். அவருக்கு எதிரே ருக்மிணியின் பாட்டு நிற்கவில்லை என்று நினைத்தார்.

என்ன செய்யலாம்? வேறு நடிகையை வைத்து மறுபடி எடுப்பதென்றால் செட், ஆட்கள், கால்ஷீட், எல்லாவற்றுக்கும் மேல் பிலிம். போர்க்காலம், கச்சா பிலிமுக்கே கட்டுப்பாடு. அவர் படத்தைத் தொடவில்லை, பாட்டை மட்டும் கழற்றினார். பி.ஏ.பெரியநாயகியைப் பாட வைத்து, அந்தக் குரலை ருக்மிணியின் உதட்டசைவில் பொருத்தினார்.

இன்றைய மென்பொருளில் ஒரு ஆடியோ டிராக்கை நகர்த்துவது போல நினைக்க வேண்டாம். சத்தம் தனி பிலிமில் பதிவாகும். கடைசியில் படத்தோடு ஒரே பிரின்ட்டில் சேர்ப்பார்கள், ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடுதான் பாட்டு. ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். பாடுபவர் ஏற்கெனவே எடுத்த காட்சியின் மூச்சுக்கும் தாளத்துக்கும் அடங்கிப் பாட வேண்டும். சில ஃப்ரேம் தள்ளினாலே உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். முன்னாடியே பதிந்த பாட்டுக்கு நடிகர் வாயசைப்பதை விட இது பல மடங்கு கஷ்டம்.

படம் பெரிய வெற்றி. ஆனால் ருக்மிணி பக்கம் நின்றும் ஒரு தடவை பார்க்கணும். பாடித்தான் கொடுத்தார். ஊரே பார்த்த படத்தில் அவர் முகம் இருந்தது, பாட்டு இல்லை. ஸ்பீக்கரை மாற்றினால் பழையது கடையில் கிடக்கும், அவ்வளவுதான். இங்கே கழற்றப்பட்டது ஒரு மனுஷியின் குரல். தயாரிப்பாளராக மெய்யப்பன் எடுத்த முடிவு சரி. அதன் விலையைக் கொடுத்தது அவரில்லை. ருக்மிணி தொடர்ந்து நடித்தார். பின்னாளில் வந்த நடிகை லட்சுமி அவர் மகள்தான்.

அதே 1945 அக்டோபர் 14 அன்று ஏவி.எம். புரொடக்ஷன்ஸ் பிறந்தது. போர்க்காலக் கெடுபிடியில் சென்னையில் ஸ்டூடியோவுக்கு மின்சாரம் கிடைப்பது சிக்கலாக இருக்க, சொந்த ஊருக்கே திரும்பினார். காரைக்குடி அருகே தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த நாடகக் கொட்டகை ஸ்டூடியோ ஆனது. அங்கே உருவாகி 1947 ஜனவரியில் வந்த நாம் இருவர் படத்தில் குமாரி கமலா ஆட, டி.கே.பட்டம்மாள் பாரதி பாடல்களைப் பாடினார்.

அந்தப் பாரதி பாடல்களிலும் ஒரு சிக்கல் இருந்தது. பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமையை மெய்யப்பன் முன்பே விலைக்கு வாங்கியிருந்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் பில்ஹணன் படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியதும் வழக்குக்குப் போனார். பாரதி பாட்டு ஒருத்தருக்குச் சொந்தமா என்ற கேள்வி கொதித்து, நாட்டுடைமையாக்க வேண்டும் என்ற இயக்கமே கிளம்பியது. வழக்கு போட்டதை இன்று படித்தாலும் கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் 1949-ல் சென்னை மாகாண அரசு கேட்டபோது, காசு வாங்காமல் உரிமையை விட்டுக்கொடுத்தார்.

இதற்குள் ஸ்டூடியோ சென்னைக்கு மாறியிருந்தது. வாழ்க்கை, பராசக்தி என்று அதற்குப் பிந்தைய கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1979 ஆகஸ்ட் 12 அன்று மெய்யப்பன் காலமானார். தேவகோட்டை ரஸ்தா, காரைக்குடியிலிருந்து மானாமதுரை போகும் பாதையில் இன்றைக்கும் ஒரு ரயில் நிலையம்.