கழட்டவும் தெரியணும், மாட்டவும் தெரியணும்: ஜி.டி. நாயுடு

வண்டியைக் கழட்டிப் போட ஒரு ஸ்பேனர் செட் போதும். திரும்ப மாட்டி ஓட வைக்கிறதுலதான் எல்லாம் இருக்கு. யாரும் சொல்லிக் கொடுக்காமலே இதைக் கத்துக்கிட்டவர் ஜி.டி. நாயுடு.

1893 மார்ச் 23. கோவை மாவட்டம் சூலூர் பக்கத்துல கலங்கல் கிராமத்துல பிறந்தார். பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்புகளோட நின்னு போச்சு. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தர் ஓட்டிட்டு வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லாம குதிரையும் இல்லாம ஓடுற வண்டி! அதை வாங்கணும்னே கோவை ஹோட்டல் ஒண்ணுல சர்வரா வேலை பார்த்து காசு சேர்த்தார். வாங்கினதும் அக்கு வேறு ஆணி வேறா பிரிச்சார், மறுபடி பூட்டினார். அப்படித்தான் மெக்கானிக் ஆனார்.

அப்போ அவர்கிட்ட இருந்த ஒரே அளவுகோல் கைப்பதம்தான். போல்ட் ஒரு ஸ்பிரிங் மாதிரி. முறுக்கும்போது லேசா நீளும், அந்த இழுவைதான் பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கும். குறைவா முறுக்கினா அதிர்வுல கழண்டுடும். அதிகமா முறுக்கினா மரை போயிடும், இல்லன்னா போல்ட்டே முறிஞ்சிடும். இந்த விசையை அளந்து முறுக்குற டார்க் ரெஞ்ச், 1918-ல நியூயார்க் நகர குடிநீர்த் துறையில கான்ராட் பார் உருவாக்கினது. குழாய் போல்ட்டுகளை அளவுக்கு மேல முறுக்கிடக் கூடாதுன்னுதான் அதைச் செஞ்சார்.

1920-ல ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவியோட நாயுடு ஒரே ஒரு பஸ் வாங்கி பொள்ளாச்சி–பழநி ரூட்ல ஓட்டினார். அதுதான் யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியா வளர்ந்தது. 1937-ல டி. பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து இந்தியாவுலயே செய்த முதல் மின் மோட்டாரைக் கொண்டு வந்தார். எலக்ட்ரிக் ரேசர், மண்ணெண்ணெய் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப்பதிவு இயந்திரம்னு பட்டியல் நீளும்.

நமக்கு ரொம்ப முக்கியமான கட்டம் 1945. கோவையில ஆர்தர் ஹோப் பேர்ல பொறியியல் கல்லூரி தொடங்கினார், இன்னைக்கு ஜி.சி.டி.ன்னு சொல்றோமே, அதோட ஆரம்பம் இதுதான். பொறியியலுக்கு நாலு வருஷம் தேவையில்ல, பட்டறையில கை வச்சுப் படிச்சா ரெண்டு வருஷமே போதும்னு வாதாடினார். அரசு ஒத்துக்கல. தான் தொடங்கின கல்லூரியை விட்டே விலகிட்டார். 1952-ல 2,000 ரூபாய்க்கு ரெண்டு சீட் பெட்ரோல் கார் திட்டம் போட்டார்; தயாரிக்க லைசென்ஸ் கிடைக்கல. 1974 ஜனவரி 4-ல மறைந்தார். கோவையில ஹோப்ஸ் காலேஜ்னு பஸ் ஸ்டாப் பேர் மட்டும் இன்னும் இருக்கு.

அவர் கேட்ட ரெண்டு வருஷம் சரியா தப்பான்னு பட்டிமன்றம் வைக்கலாம். ஆனா திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் படிக்கிற நமக்கு அந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது. சிப்காட் கம்பெனிகள் பக்கத்துலயே இருக்கு. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நட்டாவது நம்ம கையால முறுக்கியிருக்கோமா?

வீட்டுக் கார்ல ஸ்டெப்னி மாட்டுறதுலயே ஆரம்பிக்கலாம். நட்டுகளை முதல்ல விரலால மரையில ஏத்துங்க. ஸ்பேனரால ஓரளவு இறுக்கிட்டு, ஜாக்கை இறக்கி டயர் தரையில நின்னதும் டார்க் ரெஞ்சை எடுங்க. கார் மேனுவல்ல இருக்கிற அளவை செட் பண்ணி, எதிரெதிர் நட்டா முறுக்குங்க. அரை மீட்டர் கைப்பிடி முனையில 20 கிலோ எடை தொங்கினா எவ்வளவு அழுத்தமோ, அது சுமார் 98 நியூட்டன் மீட்டர். 'கிளிக்' கேட்டதும் நிறுத்திடணும். நட்டைக் கழட்ட இதைப் பயன்படுத்தாதீங்க. வேலை முடிஞ்சதும் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பி வைங்க.

நாயுடு கைப்பதத்துல தேடினதை இன்னைக்கு ஒரு கருவி எண்ணாவே காட்டுது. கழட்டிப் பார்க்கிற தைரியம் மட்டும் நம்மகிட்ட இருந்து வரணும்.