ஆறு பென்ஸ் புத்தகமும் ஆலன் லேனும்

மலர்க்குழுவிலிருந்து போன் வந்தபோதே சொல்லிவிட்டார்கள்: டெக்னிக்கலா எதுவும் வேண்டாம், சீனியர்களும் படிக்கணும், இப்ப படிக்கிற தம்பி தங்கைகளும் படிக்கணும், யாராவது ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுது என்று. இயந்திரவியல் படித்துவிட்டு உற்பத்திச் செலவைக் குறைப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் எனக்கு உடனே ஞாபகம் வந்தவர் ஒரு புத்தக வியாபாரி. பெயர் ஆலன் லேன். பெங்குவின் புத்தகங்களை ஆரம்பித்தவர். நம் நூலகங்களில் ஆரஞ்சு நிற அட்டையில், நடுவில் வெள்ளைப் பட்டையோடு ஒரு குட்டிப் பறவை நிற்குமே, அதேதான்.

1902-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தவர். சொந்தப் பெயர் ஆலன் லேன் வில்லியம்ஸ். அம்மா வழியில் தூரத்து உறவுக்காரர் ஜான் லேன் என்பவர் லண்டனில் போட்லி ஹெட் என்ற பதிப்பகம் நடத்திக்கொண்டிருந்தார். அவருக்கு வாரிசு இல்லை. வேலைக்கு வா, ஆனால் என் குடும்பப் பெயரை வைத்துக்கொள் என்பது ஏற்பாடு. 1919-ல் பையன் மட்டுமல்ல, அப்பா, அம்மா, தம்பிகள் எல்லோருமே வில்லியம்ஸை விட்டுவிட்டு லேன் ஆனார்கள்! பதினாறு வயதில் பள்ளியை விட்டுப் பதிப்பகத்தில் நுழைந்தவர் கல்லூரிப் பக்கமே போகவில்லை. கல்லூரி மலரில் இதை எழுதலாமா என்று தெரியவில்லை, உண்மை அதுதான்.

1925-ல் ஜான் லேன் காலமானார். போட்லி ஹெட் அப்போதே நொடிந்துகொண்டிருந்தது. சக டைரக்டர்கள் வயதானவர்கள், எதைச் சொன்னாலும் வேண்டாம் என்பவர்கள்.

பெங்குவின் பிறந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1934-ல் டெவன் பகுதியில் அகதா கிறிஸ்டி வீட்டில் விருந்தாளியாக இருந்துவிட்டுத் திரும்பும்போது, எக்ஸிட்டர் ரயில் நிலையத்தில் படிக்க உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லையாம். நல்ல புத்தகம் ஏன் மலிவாக, கைக்கு அடக்கமாகக் கிடைக்கக் கூடாது என்று தோன்றியதாம். நல்ல கதை. ஆனால் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. ஏனென்றால் ஜெர்மனியில் 1932-லேயே ஆல்பட்ராஸ் என்ற பேப்பர்பேக் வரிசை வந்துவிட்டது. அதிலும் பறவைப் பெயர், அதிலும் வகைக்கு ஒரு நிறம், அளவும் ஏறக்குறைய அதேதான். ஒரு பெண் ஊழியர் பெங்குவின் என்று பெயர் சொல்ல, எட்வர்ட் யங் என்ற இளைஞர் லண்டன் மிருகக்காட்சி சாலைக்குப் போய் அந்தப் பறவையை வரைந்துகொண்டு வந்தார். லேனின் சாமர்த்தியம் கண்டுபிடிப்பில் இல்லை, கணக்கில்தான் இருந்தது.

கணக்கைப் பாருங்க. அன்றைய கெட்டி அட்டை நாவல் ஏழரை ஷில்லிங், அதாவது 90 பென்ஸ். லேன் வைத்த விலை 6 பென்ஸ். பத்து சிகரெட் பாக்கெட் விலை. ஒரு நாவல் வாங்குகிற காசுக்குப் பதினைந்து நாவல். அச்சுக் கோக்கிற செலவு ஒரு பிரதி அடித்தாலும் ஒன்றுதான், இருபதாயிரம் அடித்தாலும் ஒன்றுதான். ஆக, ஆயிரக்கணக்கில் அல்ல, பல்லாயிரக்கணக்கில் விற்றால்தான் இந்த விலை தாங்கும். ஒவ்வொரு தலைப்பும் சுமார் 17,000 பிரதி விற்றால்தான் கைக்கடி இல்லை என்ற நிலை. அப்போது நல்ல நாவல்களே சில ஆயிரம் பிரதி போனால் பெரிசு.

பதிப்பாளர்கள் சிரித்தார்கள். பலர் உரிமை தர மறுத்தார்கள். ஜோனதன் கேப் மட்டும் தந்தார். முதல் பத்தில் ஆறு புத்தகம் அவருடையதுதான். எப்படியும் மூழ்கப் போகிற பையன், மூழ்குவதற்குள் கொஞ்சம் காசைக் கறந்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் தந்ததாக அவரே பிறகு லேனிடம் ஒப்புக்கொண்டாராம். புத்தகக் கடைக்காரர்களும் ஆர்டர் தரவில்லை. ஆறு பென்ஸில் அவர்களுக்கு என்ன கமிஷன் மிஞ்சும்? கடைசியில் கைகொடுத்தது வுல்வொர்த் என்ற மலிவுச் சாமான் கடை. ஆறு பென்ஸுக்கு மேல் எதையும் விற்காத கடை அது. சீப்பும் சோப்பும் விற்கிற இடத்தில் ஹெமிங்வேயா என்று அதன் கொள்முதல் அதிகாரி தயங்கினார். தற்செயலாக அங்கே வந்த அவர் மனைவி, நான் வாங்குவேனே என்றாராம். ஆர்டர் 63,500 பிரதிகள். 1935 ஜூலை 30-ல் முதல் பத்து புத்தகங்கள் வெளிவந்தன. ஒரு வருடத்தில் 30 லட்சம் பிரதி விற்றது.

1936 ஜனவரி 1-ல் பெங்குவின் தனிக் கம்பெனியாயிற்று. கிடங்கு எங்கே தெரியுமா? மேரிலபோன் சாலையில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில், கல்லறைகளுக்கு நடுவே! மேலே தெருவில் வந்து இறங்கும் புத்தகக் கட்டுகளைக் கீழே கொண்டுபோக, திருவிழாக்களில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்களே, அந்தச் சறுக்குமரம் ஒன்றைப் பொருத்தினார்கள். மெட்டீரியல் ஹாண்ட்லிங் பாடத்தில் இதைச் சேர்க்கலாம்.

அதே 1936-ல் ஜார்ஜ் ஆர்வெல் ஒரு பத்திரிகையில் இந்தப் புத்தகங்களைப் பற்றி எழுதினார். வாசகனாக மகிழ்ச்சி, எழுத்தாளனாக வயிற்றில் புளி என்பதுதான் சாராம்சம். புத்தகம் மலிவானால் ஜனங்கள் அதிகப் புத்தகம் வாங்க மாட்டார்கள், மிச்சக் காசில் சினிமாவுக்குப் போவார்கள் என்று அவர் வாதம். அதை அத்தனை சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஆறு பென்ஸில் எழுத்தாளருக்குப் போவது சில்லறைதான், அதிலும் பாதி மூலப் பதிப்பாளருக்கு. ஆனால் வுல்வொர்த்தில் வாங்கியவர்கள் பெரும்பாலும் அதுவரை புத்தகமே வாங்காதவர்கள். அதை ஆர்வெல் கணக்கில் சேர்க்கவில்லை என்பது என் அபிப்பிராயம். செமஸ்டர் தோறும் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்ற நம்மில் யாரும் லேன் பக்கம்தான் ஓட்டுப் போடுவோம்.

1937-ல் பெலிகன் வரிசை. வரலாறு, விஞ்ஞானம், பொருளாதாரம் எல்லாம் அதே ஆறு பென்ஸுக்கு. இதன் பதிப்பாசிரியர் யார் தெரியுமா? நம்ம சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வி.கே. கிருஷ்ண மேனன். பின்னாளில் இந்தியாவின் பாதுகாப்பு மந்திரியானாரே, அவரேதான். முதல் பெலிகனுக்கு பெர்னார்ட் ஷா தன் பழைய நூலைத் தந்ததோடு புதிதாக அத்தியாயங்களும் எழுதிச் சேர்த்தார். லேனுக்கும் மேனனுக்கும் ஒத்துப்போகவில்லை. இருவரும் அடுத்தவர் சொல் கேட்கிற ஜாதி இல்லை. சீக்கிரமே பிரிந்தார்கள். ஆனால் பெலிகன் நின்றது. ஒரு தலைமுறை இங்கிலாந்துத் தொழிலாளிகளுக்கு அதுவே பல்கலைக்கழகம்.

யுத்தம் வந்தது. காகிதத்துக்கு ரேஷன். யுத்தத்துக்கு முந்தைய வருடம் எவ்வளவு காகிதம் செலவழித்தார்களோ அதில் ஒரு பங்குதான் என்று கோட்டா. அந்த வருடம் பெங்குவின் ஏராளமாக அச்சடித்திருந்தது! மற்ற பதிப்பகங்கள் காகிதத்துக்குத் திண்டாடியபோது, நேற்று வந்த பையனிடம் காகிதம் இருந்தது. சிப்பாய் சட்டைப் பைக்குள் நுழைகிற அளவும் கைகொடுத்தது. பதிப்புலகில் பெரியண்ணன் யார் என்பது மாறியது அந்த வருடங்களில்தான். ஆனால் 1942-ல் கடற்படையில் இருந்த தம்பி ஜான் வட ஆப்பிரிக்கக் கடலோரத்தில் பலியானார். கம்பெனியின் கணக்குப் புத்தி அந்தத் தம்பியிடம்தான் இருந்தது என்பார்கள்.

1952-ல் சர் பட்டம். அதற்கு எட்டு வருடம் கழித்து லேன் கோர்ட் படி ஏற வேண்டியதாயிற்று. டி.எச். லாரன்ஸ் இறந்து முப்பது வருடம் ஆகியும் அவருடைய லேடி சாட்டர்லி நாவல் இங்கிலாந்தில் முழுசாக வெளிவரவில்லை. ஆபாசம் என்று தடை. 1959-ல் வந்த புதுச் சட்டத்தில் ஒரு வழி பிறந்திருந்தது: இலக்கியத் தகுதியை நிரூபித்தால் தப்பலாம். லேன் இரண்டு லட்சம் பிரதி அச்சடித்தார். எந்தக் கடைக்காரரும் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று பன்னிரண்டு பிரதிகளைப் போலீஸிடமே தந்தார்கள். வழக்கு போடு என்பதுதான் அர்த்தம்.

1960 அக்டோபர் 20-ல் விசாரணை தொடங்கியது. அரசுத் தரப்பின் உண்மையான பயம் புத்தகத்தில் இல்லை, விலையில்தான் இருந்தது என்று எனக்குப் படுகிறது. மூன்றரை ஷில்லிங்குக்கு யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாமே! உங்கள் மனைவியோ வேலையாளோ இதைப் படிக்க அனுமதிப்பீர்களா என்ற பொருளில் அரசு வக்கீல் ஜூரிகளைப் பார்த்துக் கேட்டார். அந்தப் பன்னிரண்டு பேரில் மூன்று பேர் பெண்கள்! கேஸ் அங்கேயே பாதி போயிற்று என்று இன்றும் சொல்வார்கள். பேராசிரியர், பாதிரியார், எழுத்தாளர் என்று 35 பேர் லேன் பக்கம் சாட்சி சொன்னார்கள். நவம்பர் 2-ல் விடுதலை. பத்தாம் தேதி புத்தகம் வந்தது, அன்றே தீர்ந்தது. நம் நாட்டில் கதை வேறு. அதே நாவலை விற்ற மும்பைக் கடைக்காரர் ஒருவரின் தண்டனையை 1964-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது.

1961-ல் பெங்குவின் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றார்கள். கேட்டு வந்த விண்ணப்பங்கள் 150 மடங்கு. லேன் பெரும் பணக்காரர் ஆனார். ஆனால் அடியில் தரை நகர்ந்துகொண்டிருந்தது. பெங்குவின் பெரும்பாலும் அடுத்தவர் புத்தகங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் வாங்கி அடிக்கிற கம்பெனி. வாடகை வீடு மாதிரி. கெட்டி அட்டைக்காரர்கள் தாங்களே பேப்பர்பேக் போட ஆரம்பித்ததும், வாடகைக்கு விட்ட எழுத்தாளர்களைத் திருப்பிக் கேட்டார்கள். போட்டியைச் சமாளிக்க லேன் கொண்டுவந்த ஆள் டோனி காட்வின். துடிப்பானவர். அட்டைகளில் போட்டோவும் கலர் ஓவியமும் வந்தன. விற்பனை ஏறியது, கிழவருக்கு எரிச்சலும் ஏறியது.

வெடித்தது 1966-ல். சினே என்ற பிரெஞ்சுக் கார்ட்டூனிஸ்டின் தொகுப்பை காட்வின் வெளியிட்டார். மதத்தைக் கிண்டலடிக்கும் படங்கள். கடைக்காரர்கள் புகார் சொன்னார்கள். நிர்வாகக் குழு காட்வின் பக்கம் நின்றது. லேன் என்ன செய்தார்? ஓர் இரவு ஓரிரு நம்பிக்கையான ஆட்களோடு தன் சொந்தக் கிடங்கிலேயே புகுந்து, மிச்சமிருந்த பிரதிகளை அள்ளிக்கொண்டு போய்த் தன் பண்ணையில் கொளுத்திவிட்டார் என்பது கதை. மறுநாளிலிருந்து அந்தப் புத்தகம் கையிருப்பில் இல்லை. ஆறு வருடம் முன்பு ஒரு புத்தகத்துக்காக நாட்டின் சட்டத்தோடு மோதியவர் அதே மனிதர்தான். நான் எத்தனை தடவை யோசித்தும் இந்த இரண்டையும் ஒன்றாகப் பொருத்த முடியவில்லை. 1967-ல் காட்வினை வீட்டுக்கு அனுப்பினார். அதே வருடம் தன் பெயரிலேயே ஒரு கெட்டி அட்டைப் பதிப்பகம் ஆரம்பித்தார். ஆமாம், கெட்டி அட்டை! வாடகை வீட்டுக்காரர் சொந்த வீடு கட்டத்தான் வேண்டியிருந்தது.

1970 ஜூலை 7-ல் புற்றுநோயால் இறந்தார். அந்த வருடமே பெங்குவின் பியர்சன் குழுமத்தின் கைக்குப் போயிற்று. 2013-ல் ரேண்டம் ஹவுஸோடு இணைந்து உலகின் மிகப் பெரிய பொதுவாசிப்புப் பதிப்பகமாயிற்று. ஆறு பென்ஸ் பையனை நசுக்கப் பார்த்த ஜோனதன் கேப், போட்லி ஹெட் எல்லாம் இப்போது அந்த ஒரே கூரையின் கீழ் வெறும் பெயர்ப் பலகைகள். அதுவும் போதாதென்று சைமன் அண்ட் ஷுஸ்டரையும் வாங்கப் போனபோது, அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. எழுத்தாளர்களுக்குக் கிடைக்கும் முன்பணம் குறையும் என்பதே அரசின் வாதம். 2022-ல் நீதிமன்றம் தடுத்துவிட்டது. எழுத்தாளருக்கு என்ன மிஞ்சும் என்று 1936-ல் ஆர்வெல் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

ஒரு கொசுறு. சாட்டர்லி வழக்கை விசாரித்த நீதிபதி கையில் வைத்திருந்த பிரதி இன்றும் இருக்கிறது. அதைப் படித்து, எந்தெந்தப் பக்கத்தில் விவகாரம் என்று குறித்துக் கொடுத்தவர் அவருடைய மனைவி! கோர்ட்டுக்குக் கொண்டுபோக அவர் ஒரு துணிப்பையும் கொடுத்தனுப்பினார். 2019-ல் அது வெளிநாடு போகாமல் பொதுமக்கள் பணம் திரட்ட, லேன் பிறந்த பிரிஸ்டல் நகரின் பல்கலைக்கழகம் வாங்கிவிட்டது. பெங்குவின் ஆவணங்களோடு அங்கேதான் பத்திரமாக இருக்கிறது, பை சகிதம்.